சுகர் மெஷின் நன்றாக இருக்கிறது, கூட வரும் தாள்தான் யாருக்கென்று தெரியவில்லை

அம்மாவுக்காக வாங்கிய சுகர் மெஷின். மெஷினில் குறை சொல்ல ஒன்றுமில்லை, எண்கள் பெரிதாகத் தெரிகின்றன, சட்டென்று ரிசல்ட் வருகிறது, லேப் ரிசல்ட்டோடு பார்த்தால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அது எந்த வீட்டு மீட்டரிலும் உள்ளதுதான்.

கூட வந்த தமிழ் விளக்கத் தாளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். எடுத்த எடுப்பில், ரத்தத் துளியை வைக்கும் ஸ்ட்ரிப்பில் என்ன நொதி இருக்கிறது, ஹீமாட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் அளவு, எத்தனை சதவீதம் இருக்கலாம் என்று ஆரம்பிக்கிறது. லேப் டெக்னீஷியனுக்கு அது வேண்டும், சரி. அறுபத்தெட்டு வயதில் கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து உட்காருபவருக்கு எதற்கு? "மாதிரி சேகரிக்கும் இடம் மாசற்றதாக இருத்தல் அவசியம்" என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி. மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் விரலில் ஒட்டியிருக்கும் பழச்சாறே எண்ணை ஏற்றிவிடும், அதனால் சோப்பு போட்டுக் கழுவி ஈரம் போகத் துடையுங்கள் என்று எழுதினால் யாருக்குத்தான் புரியாது!

ஸ்ட்ரிப்பை 4 முதல் 30 டிகிரிக்குள் வைக்கணுமாம். இதைப் படித்தால் நம் வீட்டில் நேரே ஃப்ரிட்ஜுக்குத்தான் போகும், இன்சுலின் அங்கேதானே இருக்கிறது. ஃப்ரிட்ஜ் வேண்டாம், ஈரம் பட்டால் ஸ்ட்ரிப் கெட்டுவிடும், ஒன்றை எடுத்ததும் டப்பாவை மூடுங்கள் என்று ஒரு இடத்திலும் இல்லை.

துல்லியத்துக்கு அரைப் பக்க அட்டவணை போட்டிருக்கிறார்கள். சுகர் மெஷின்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 15197படி, சர்க்கரை 100க்கு மேல் இருந்தால் 15 சதவீதம் வரை வித்தியாசம் இருக்கலாம். அதையே, லேபில் 200 என்றால் இதில் 170 முதல் 230 வரை வரலாம், பதற வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அட்டவணையே தேவைப்பட்டிருக்காது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது திரையில் வரும் 'எச்ஐ' (HI, அதாவது ஹை) விஷயத்தில். சர்க்கரை 600ஐத் தாண்டினால் எண்ணுக்குப் பதில் இந்த இரண்டு ஆங்கில எழுத்துகள்தான் வரும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலை அது, ஆனால் தாளில் பேட்டரி மாற்றுவதற்கும் கீழே கிடக்கிறது. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட வேண்டாமா?

ஒன்று மட்டும் பாராட்டலாம், தனியாக ஒரு படஅட்டை தந்திருக்கிறார்கள். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தச் சொல்லும் படம் அவ்வளவு தெளிவு, அம்மா அதைப் பார்த்தே பழகிவிட்டார், ஓரத்தில் வலியும் குறைவு. படம் போட்டவரையே தாளையும் எழுதச் சொல்லியிருக்கலாம்.

மெஷினுக்கு நான்கு நட்சத்திரம், தாளுக்கு ஒன்று. வாங்குகிறவர்கள் ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்த தேதியை மூடியிலேயே எழுதி வையுங்கள், திறந்த பிறகு அதற்குத் தனிக் கெடு உண்டு, அது டப்பாவின் லேபிளில் இருக்கும்.