யூடியூபா, ஸ்பாட்டிஃபையா, கம்பெனியா? டெல்டா மேளக்காரர்களுக்கான ஒரு கணக்கு

ஆடி பிறந்துவிட்டால் கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரத்து மேளக்காரர் வீடுகளில் வரவு சுருங்கிவிடும். முகூர்த்தம் கிடையாது, கோயில் வேலை இருப்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் ஓடும். மார்கழியும் அப்படித்தான். ஆனால் அந்த மார்கழி விடியலில்தான் கைப்பேசியிலும் கோயில் ஒலிபெருக்கியிலும் நாயனம் அதிகமாகக் கேட்கிறது. அந்தப் பதிவுகளில் பல யாரோ ஒருவருக்கு மாதாமாதம் பணம் கொண்டுவருகின்றன. அந்த ஒருவர் ஏன் வாசித்தவராகவே இருக்கக்கூடாது?

நாகஸ்வரம், தவில், தேவாரம், நாட்டுப்புறப் பாட்டு ஆகியவற்றை இந்தப் பக்கத்தில் பதிவு செய்து கொடுப்பது என் தொழில். பதிவு முடிந்ததும் வித்வான்கள் கேட்கும் முதல் கேள்வி, "தம்பி, ஒரு தடவை கேட்டால் எத்தனை பைசா வரும்?" என்பதுதான். பைசாக் கணக்கைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, பதிவு யார் பெயரில் இருக்கிறது என்பது. இந்த அலசல் முழுவதும் நான் வலியுறுத்தப்போவது அதைத்தான்.

வழிகள் மூன்று. ஆடியோ கம்பெனிக்கு ஒரே தொகைக்குக் கொடுத்துவிடுவது. விநியோக நிறுவனம் மூலமாக ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன், அமேசான் மியூசிக் போன்றவற்றில் ஏற்றுவது. சொந்தப் பெயரில் யூடியூப் சேனல் நடத்துவது.

கம்பெனிக்குக் கொடுப்பது

கம்பெனிக்காரர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் பணம் கட்டுவார், அட்டைப்படம் போடுவார், எல்லாச் சேவைகளிலும் ஏற்றுவார். உங்களுக்கு ஒரு தொகை கையில் வந்துவிடும். வீட்டில் கல்யாணமோ மருத்துவச் செலவோ நிற்கும்போது அந்தத் தொகையின் அருமை எனக்குத் தெரியும். அதை வாங்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் முதல் உரிமையாளர் அதைத் தயாரித்தவர். வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் அந்த உரிமை நிற்கும். கேசட் காலத்தில் ஒரு தொகைக்கு வாசித்துக் கொடுத்த பதிவுகள் இன்று ஸ்ட்ரீமிங்கில் ஓடும்போது, வருமானம் கம்பெனியின் கணக்குக்குப் போவது இதனால்தான். 2012இல் வந்த திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பெரிய பாதுகாப்பு தந்தது. திரைப்படம் சாராத ஒலிப்பதிவிலும் அவர்கள் தங்கள் ராயல்டி பங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாது.

இதில் நாகஸ்வரக்காரருக்கு ஒரு வருத்தமான இடம் இருக்கிறது. அவர் வாசிப்பது பெரும்பாலும் தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி கீர்த்தனைகள். தியாகராஜர் மறைந்தது 1847இல். பாடலுக்கான உரிமை எப்போதோ பொதுச்சொத்தாகிவிட்டதால் பாடலுக்கென்று தனி ராயல்டி பிறப்பதே இல்லை. மிச்சம் இருப்பது ஒலிப்பதிவின் உரிமையும், வாசித்தவர் என்ற முறையில் நிகழ்த்துகலைஞருக்குள்ள உரிமையும்தான். ஒலிப்பதிவைக் கம்பெனிக்கு விட்டுவிட்டால் பெரும்பகுதி போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். (பாபநாசம் சிவன் பாடல்களுக்கு இது பொருந்தாது. அவர் மறைந்தது 1973இல். ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு என்ற விதிப்படி 2033 முடிய அவை உரிமைக்கு உட்பட்டவை. பதிவு செய்து வெளியிடுமுன் அனுமதி வேண்டும்.)

சொந்தமாகப் பாட்டுக் கட்டுபவர்களின் நிலைமை வேறு. அம்மன் பாட்டு, கும்மி, தெம்மாங்கு என்று எழுதி மெட்டமைக்கும் பலர் டெல்டா கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்கள், பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டியை வசூலித்துத் தரும், 1969 முதல் இயங்கும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகிப் பாடல்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஸ்ட்ரீமிங் சேவை ஒலிப்பதிவுக்கு ஒரு பங்கும் பாடலுக்கு ஒரு பங்கும் தனித்தனியாகச் செலுத்துகிறது. கம்பெனியிடம் ஒலிப்பதிவை விற்றிருந்தாலும் இந்த இரண்டாவது பங்கு எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் வர வழி உண்டு.

கம்பெனியிடம்தான் போவேன் என்றால் ஒப்பந்தத்தில் காலமும் எல்லையும் எழுதச் சொல்லுங்கள். உரிமையை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். "உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்று அச்சடித்த தாளை நீட்டுவதற்குக் காரணம் இதுதான். அந்தச் சொற்களை அடித்துவிட்டு 5 ஆண்டு என்று எழுதக் கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

ஸ்பாட்டிஃபையும் அதன் கூட்டாளிகளும்

ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. கேட்பு ஒன்றுக்கு இத்தனை பைசா என்று அது விலை வைத்திருக்கவில்லை. சந்தாவிலும் விளம்பரத்திலும் வரும் தொகையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை உரிமையாளர்களுக்கென ஒதுக்கி, மொத்தக் கேட்புகளில் அவரவர் பங்குக்கு ஏற்றபடி பிரித்துக் கொடுக்கிறது. ஒரு மாதம் ஒதுக்கிய தொகை 1 கோடி ரூபாய், மொத்தக் கேட்புகள் 10 கோடி என்று வைத்துக்கொண்டால் கேட்புக்கு 10 பைசா. அடுத்த மாதம் தொகை அதே, கேட்புகள் 20 கோடி என்றால் 5 பைசா. உங்கள் நாயனத்தைக் கேட்டவர்கள் குறையாவிட்டாலும் உங்கள் வரவு பாதியாகிவிடும். திரைப்பாடல்கள் தலைமடையில் நின்று நீரை வாங்கிக்கொள்ள, நம் இசை கடைமடையில் காத்திருக்கிறது. ஒவ்வொரு ரசிகரின் சந்தாவையும் அவர் கேட்ட கலைஞர்களுக்கே பிரித்துக் கொடுக்கும் முறையை சவுண்ட்கிளவுட் 2021இல் தொடங்கியது. அது நம்மைப் போன்ற சிறிய, பற்றுள்ள ரசிகர் கூட்டத்துக்கு நியாயமான முறை. ஆனால் நம் ரசிகர்கள் அங்கே இல்லை.

2024 முதல் ஸ்பாட்டிஃபையில் இன்னொரு விதி. ஒரு பதிவு முந்தைய 12 மாதங்களில் 1,000 கேட்புகளைத் தொடாவிட்டால் ஒலிப்பதிவுக்கான பணம் கிடையாது. அதைவிட என்னை உறுத்துவது 30 விநாடிக் கணக்கு. 30 விநாடி ஓடினால் ஒரு கேட்பு. மூன்று நிமிடத் திரைப்பாடலும் ஒரு கேட்பு, 25 நிமிடத் தோடி ஆலாபனையும் ஒரு கேட்பு. நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வளர்த்தெடுத்த விரிந்த ராக வாசிப்பு என்ற கலைக்கு இந்த அளவுகோல் கொஞ்சமும் பொருந்தவில்லை. மல்லாரியைத் தனியாக, ஆலாபனையைத் தனியாக, கீர்த்தனையைத் தனியாக, தனி ஆவர்த்தனத்தைத் தனியாகப் பிரித்து ஏற்றும்படி சொல்கிறேன். இயல்பாக முடியும் இடத்தில் பிரித்தால் இசை கெடாது, கேட்புகள் கூடும். ஆலாபனையின் நடுவில் வெட்டுவதை மட்டும் நான் செய்து கொடுப்பதில்லை.

ஆப்பிள் மியூசிக்கில் விளம்பரம் கேட்டு இலவசமாகக் கேட்கும் திட்டம் இல்லை. அதனால் அதன் சராசரி உயர்வு. தனிநபர் சந்தாக்களில் 2020ஆம் ஆண்டின் சராசரி கேட்புக்கு 1 சென்ட் என்று அந்நிறுவனமே 2021இல் கலைஞர்களுக்கு எழுதியது. இது உலகச் சராசரி. இந்தியச் சந்தா மலிவு என்பதால் இங்கிருந்து கேட்பவர்களால் அவ்வளவு வராது. சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் கேட்டால்தான் அந்தச் சராசரி உங்களைத் தொடும்.

மற்றச் சேவைகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கானா 2022இல் சந்தாவுக்கு மட்டும் என்று மாறியது. ரெசோ 2024 ஜனவரியில் மூடியது. விங்க் மியூசிக்கும் அதே ஆண்டு போய்விட்டது. சேவைகள் வரும், போகும். மூலப் பதிவின் பிரதி இரண்டு இடங்களில் உங்கள் கையில் இருக்கட்டும்.

இவை எவற்றிலும் கலைஞர் நேராக ஏற்ற முடியாது. நடுவில் விநியோக நிறுவனம் வேண்டும். டிஸ்ட்ரோகிட் ஆண்டுக் கட்டணம் வாங்கிக்கொண்டு ராயல்டியில் பங்கு எடுப்பதில்லை. ஆனால் கட்டணத்தை நிறுத்தினால், நிலைத்திருக்கத் தனிக் கட்டணம் கட்டாத பதிவுகள் இறக்கப்படலாம். சிடி பேபி ஒருமுறைக் கட்டணம் வாங்கிக்கொண்டு 9 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. ரூட்நோட்டில் கட்டணமின்றி ஏற்றினால் 15 சதவீதம் அவர்களுக்கு. வருடத்துக்கு ஒரு பதிவு போடும் ஓதுவாருக்கோ வித்வானுக்கோ ஆண்டுக் கட்டணம் சுமை. ஒருமுறைக் கட்டணமோ சதவீத முறையோ மேல் என்பது என் கருத்து. நிறுவனத்தை மாற்றும்போது ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணுமாக 12 இடம் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீட்டை மாற்றாமல் கொண்டுபோங்கள். பழைய கேட்புக் கணக்கு பெரும்பாலும் அதோடு தொடரும்.

யூடியூப்

இங்கே நம் ரசிகர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஆனால் வாசல் கொஞ்சம் உயரம். விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அல்லது ஷார்ட்ஸ் என்ற குறும்படங்களுக்கு 90 நாளில் 1 கோடி பார்வை. 4,000 மணி என்றதும் பலர் மலைத்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அது 2,40,000 நிமிடம். சராசரியாக ஒருவர் 20 நிமிடம் கேட்டால் 12,000 பார்வைகள் போதும். மூன்று நிமிடப் பாட்டுக்காரருக்கு, ஒவ்வொருவரும் முழுதாகக் கேட்டாலும் 80,000 பார்வைகள் வேண்டும். நீண்ட வாசிப்பை ஸ்பாட்டிஃபை ஒரு கேட்பாகச் சுருக்குகிறது. யூடியூப் நிமிடம் நிமிடமாக எண்ணுகிறது. 8 நிமிடத்துக்கு மேற்பட்ட படத்தில் நடுவிலும் விளம்பரம் வைக்கலாம். ஆலாபனைக்கு நடுவே விளம்பரம் புகுவதை விரும்பாதவர்கள் கீர்த்தனை முடியும் இடத்தைப் பார்த்து அதைக் கையால் வைக்க முடியும். அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

வாசலைத் தாண்டியபின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் சேனலுக்கு. குறும்படத்தில் 45. உறுப்பினர் சந்தா, நேரலையில் ரசிகர் தரும் அன்பளிப்பு ஆகியவற்றில் 70. 500 சந்தாதாரர், 3,000 மணி நேரம், 90 நாளில் மூன்று பதிவேற்றம் என்றாலே இந்த 70 சதவீத வழி திறந்துவிடும். வெளிநாட்டில் நிலையான ரசிகர்கள் உள்ள வித்வானுக்கு விளம்பரத்தைவிட இது நம்பகமானது.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். அந்த முதல் 12,000 பார்வைகளுக்கு விளம்பரப் பங்காக யூடியூப் ஒரு பைசாவும் தராது. அதே 12,000 கேட்புகள் ஆப்பிளின் உலகச் சராசரியில் கிடைத்தால் 120 டாலர். ஆனால் சந்தா கட்டிக் கேட்கும் 12,000 கேட்புகளை நாயனத்துக்குச் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்பதை நான் அருகிலிருந்து பார்க்கிறேன். யூடியூபில் திருவிழாப் புறப்பாடு ஒன்றே அதைக் கொண்டுவந்துவிடும்.

காகித வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் ஒரு எண் வரும். கிராமத்துத் தபால்காரருக்கு முன்பே சொல்லி வையுங்கள். 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும். அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பினால் அமெரிக்கப் பார்வையாளர்களால் வந்த பகுதியில் மட்டும் 15 சதவீதம் பிடிப்பார்கள். நிரப்பாமல் விட்டால் உலகம் முழுவதிலிருந்தும் வந்த வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடிக்கலாம்.

அடுத்தது உரிமைக் கோரல். இரண்டு பேர் ஒரே கீர்த்தனையை வாசித்தால், பதிவுகளை ஒப்பிட்டு உரிமையாளரைக் கண்டுபிடிக்கும் யூடியூபின் இயந்திரம் குழம்புவதுண்டு. இங்கேயே பதிவு செய்த ஒரு நாகஸ்வரக் கீர்த்தனைமீது, பழைய பதிவு ஒன்றை வைத்திருக்கும் நிறுவனம் கோரல் எழுப்பியது. 5 நாளுக்குள் மறுத்தால் கோரல் எழுந்த நாள் முதல் வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்திவைக்கப்படும். எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். பயந்துபோய் விட்டுக்கொடுக்காதீர்கள். பாடல் பொதுச்சொத்து, பதிவு உங்களுடையது என்று எழுதுங்கள். விநியோக நிறுவனம் மூலமும் ஏற்றியிருந்தால், அவர்களே உங்கள் சேனல்மீது கோரல் போடாதபடி சேனலின் பெயரை அவர்களிடம் விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

என் தேர்வு

கச்சேரி அல்லது மேளம் வாசிப்பவர்களுக்கு: முதலில் சொந்தப் பெயரில் யூடியூப், அதே பதிவைப் பிரித்து, சதவீத முறை விநியோகம் மூலம் மற்றச் சேவைகளில். சொந்தப் பாட்டு எழுதுபவர்கள் இதோடு ஐபிஆர்எஸ்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு ரசிகர் பட்டியல் கையில் உள்ளவர்களுக்கு மட்டும், ரசிகருக்கே பதிவை விற்க உதவும் பேண்ட்கேம்ப் தளம். பதிவை நேராக விற்றால் அது எடுப்பது 15 சதவீதம். கம்பெனி கடைசி, அதுவும் 5 ஆண்டுக்கு.

இந்த வட்டாரத்தில் பெரிய கசிவு வேறிடத்தில் இருக்கிறது. திருவிழாவிலும் கல்யாணத்திலும் வாசிப்பதை யாரோ படம் பிடித்துத் தங்கள் சேனலில் போட்டுச் சம்பாதிக்கிறார்கள். வாசிப்பைப் பதிவு செய்யவும் மக்களுக்கு வெளியிடவும் அனுமதி தரும் உரிமை வாசிப்பவருக்கு உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஏ பிரிவு அதைச் சொல்கிறது. அச்சாரம் வாங்கும்போது கொடுக்கும் ரசீதில் ஒரு வரி சேருங்கள்: "வாசிப்பின் ஒலி, ஒளிப்பதிவை இணையத்தில் வெளியிடக் கலைஞரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும்." கல்யாண வீட்டார் குடும்பத்துக்காகப் பதிவு செய்துகொள்வதை இது தடுக்காது.

தவில்காரரின் பங்கையும் அதே நாளில் பேசி முடியுங்கள். கல்யாண வருமானத்தை மேள செட்டுக்குள் எப்படிப் பிரிக்கிறீர்களோ அதே விகிதத்தை ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்திடுங்கள். சில விநியோக நிறுவனங்கள் அந்தச் சதவீதத்தை அவரவர் கணக்குக்கு நேராகவே அனுப்பிவிடும். யூடியூப் தொகை ஒரே கணக்குக்குத்தான் வரும். அதை வாங்குபவர் ஒவ்வொரு மாதமும் கணக்குப் பக்கத்தைப் படம் எடுத்து செட்டின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுப் பிரித்துக் கொடுக்கட்டும்.