சில்லு, குச்சி, பலகை: பேத்திக்கு வாங்கிய கணக்குக் கட்டைகள்

52-லிருந்து 27 போனால் 35 என்று பேத்தி நோட்டில் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே இன்னும் ஆறு கணக்கு. ஆறும் இதே ரகம். நான் முப்பத்து நான்கு வருடம் வங்கியில் கேஷியராக இருந்தவன். என் கவுண்டரில் இப்படி ஒரு கழித்தல் நடந்திருந்தால் அன்று வீட்டுக்குப் போயிருக்க முடியாது.

ஆனால் உற்றுப் பார்த்தால் அது கவனக்குறைவால் வந்த தப்பில்லை. 2-லிருந்து 7 போகாது, சரி, 7-லிருந்து 2 போகும் அல்லவா? 5 போட்டுவிட்டாள். மேலே சின்ன எண் இருந்த இடத்தில் எல்லாம் இதையே செய்திருந்தாள். ஏழு வயதுக்கு அது ஒரு நியாயம்தான்.

"பக்கத்து வீட்ல கடன் வாங்கணும்னு சொல்லித் தரலையாம்மா?"

"சொன்னாங்க தாத்தா. ஆனா வாங்குனத திருப்பிக் குடுக்கவே இல்லையே?"

எனக்குப் பதில் வரவில்லை. கடன் வாங்கிக் கழிப்பது என்று நானும் அறுபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருநாளும் இந்தக் கேள்வி தோன்றியதில்லை.

இரண்டாம் வகுப்பில் இப்போது அவர்களுக்கு மூன்று இலக்க எண்கள் வரை நடக்கிறது. இடமதிப்பு, கூட்டல், கழித்தல். வகுப்பில் டீச்சர் மரக்கட்டைகளை மேசையில் பரப்பித்தான் சொல்லித் தருகிறாராம். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி. இவள் கைக்கு வரும்போது மணி அடித்துவிடும். பெற்றோர் கூட்டத்தில் அதைப் பார்த்துவிட்டு வந்த மருமகள், "மாமா, ஒரு செட் வாங்கிடுறேன், நீங்கதான் உக்காந்து சொல்லித் தரணும்" என்றாள். வாங்கி நான்கு மாதம் ஆகிறது.

பெட்டிக்குள் 121 துண்டுகள். ஒரு சென்டிமீட்டர் கனச்சதுரம் 100. அதில் பத்தை வரிசையாக ஒட்டியது போல நீளக் கட்டை 10. அந்த நீளக் கட்டையில் பத்தை அடுக்கியது போலச் சதுரப் பலகை 10. பிறகு பத்துக்குப் பத்துக்குப் பத்து என்று ஆயிரத்தைக் குறிக்கும் பெரிய கட்டை ஒன்று. எங்கள் வீட்டில் இவற்றுக்குச் சில்லு, குச்சி, பலகை, பூதம் என்று பெயர். பெயர் வைத்தது பேத்தி. இவற்றை டீனஸ் கட்டைகள் என்றும் சொல்வார்கள். ஹங்கேரியில் 1916-இல் பிறந்த சோல்டான் டீனஸ் என்ற கணித அறிஞர் இவற்றைப் பரப்பியவர். அவர் பத்தோடு நிற்கவில்லை. மூன்று மூன்றாகவும் நான்கு நான்காகவும் அடுக்கும் கட்டைகளையும் செய்து குழந்தைகளிடம் கொடுத்தார். நல்லவேளை, எங்கள் பெட்டியில் பத்து மட்டும்தான்.

முதல் நாள் அந்த 52-ஐயே எடுத்தோம். ஐந்து குச்சி, இரண்டு சில்லு. "எனக்கு ஏழு சில்லு குடு" என்றேன். இரண்டைக் கொடுத்துவிட்டு யோசித்தாள். அப்புறம் ஒரு குச்சியை எடுத்து முட்டியில் வைத்து உடைக்கப் பார்த்தாள். பிடுங்கி வைத்துவிட்டு, "பெட்டிதான் பேங்க், நான் கேஷியர். குச்சியைக் குடுத்துட்டு சில்லறை மாத்திக்கோ" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. இது கடனே இல்லை, சில்லறை மாற்றுவது. பெரிய நோட்டு ஒன்றை நீட்டிச் சின்ன நோட்டு பத்து வாங்கிப் போகிறவரிடம் நான் என்றைக்காவது பாக்கி கேட்டிருக்கிறேனா? அவர் கையில் இருந்த தொகை அப்படியேதான் இருக்கிறது, தாள் மட்டும் மாறியிருக்கிறது. இவளும் ஒரு குச்சியைக் கொடுத்துப் பத்துச் சில்லு எண்ணி வாங்கினாள். நான்கு குச்சி, பன்னிரண்டு சில்லு. "இப்ப மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டேன். முழுக்க எண்ணிப் பார்த்துவிட்டு, அதே ஐம்பத்திரண்டு என்றாள், ஏதோ தந்திரம் நடந்ததைப் போல. ஏழு சில்லும் இரண்டு குச்சியும் என் பக்கம் வந்ததும் அவளிடம் மிச்சம் 25. "முப்பத்தஞ்சு வரல தாத்தா" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்கே பெட்டிக்குக் கொடுத்த பணம் சரி.

இனி குறைகள். முதலாவது கொஞ்சம் பெரியது. பத்துச் சில்லைச் சேர்த்து வைத்துப் பக்கத்தில் குச்சியை வைத்தால் சில்லு வரிசை இரண்டு மில்லிமீட்டர் நீண்டு நிற்கிறது. கண்டுபிடித்தது நான் இல்லை. "பத்து சில்லு குச்சியை விட ஜாஸ்தியா இருக்கே?" என்று அவள்தான் கேட்டாள். பத்தும் ஒன்றும் சமம் என்று காட்டுவதற்காகவே செய்த சாமானில் அளவு பிசகினால் என்ன சொல்வது? எடையில் தப்பு வந்த படிக்கல் மாதிரி. ஒரு சாயங்காலம் முழுக்க உப்புத்தாளை வைத்துக்கொண்டு பருத்த சில்லுகளைத் தேய்த்து உட்கார்ந்திருந்தேன். வாங்குகிறவர்கள் பெட்டி வந்த அன்றே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள், திருப்பி அனுப்ப அவகாசம் இருக்கும்போதே.

இரண்டாவது, குச்சி பத்துதான். 68-ஐயும் 57-ஐயும் கூட்டச் சொன்னேன். ஆறும் ஐந்தும் பதினொன்று, ஒரு குச்சி குறைகிறது. சில்லுகளை வரிசையாக அடுக்கினால் கை பட்டதும் சிதறுகிறது. அட்டையைப் பத்து சென்டிமீட்டருக்கு வெட்டிக் கோடு போட்டுத் தற்காலிகக் குச்சிகள் செய்துகொண்டோம். செட் போடுகிறவர்கள் பூதத்தை விட்டுவிட்டுக் குச்சியை இருபதாக்கியிருக்கலாம். ஏனென்றால் அந்தப் பூதம் உதவியதை விடக் குழப்பியதுதான் அதிகம். அதில் எத்தனை சில்லு என்று கேட்டால் அறுநூறு என்றாள். ஆறு பக்கம், பக்கத்துக்கு நூறு! வெளியே தெரிவதைத்தானே எண்ண முடியும்? உள்ளே கூடாக வேறு இருக்கிறது, தட்டினால் டொக் டொக் என்கிறது. பத்துப் பலகையையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிப் பூதத்தின் பக்கத்தில் வைத்த பிறகுதான் ஆயிரத்துக்கு ஒப்புக்கொண்டாள், அதுவும் அரை மனதாக.

தமிழில் எண் சொல்லும் பிள்ளைக்கு இந்தக் கட்டைகள் இன்னொரு விதத்தில் உதவுகின்றன. இருபது, முப்பது, நாற்பது எல்லாவற்றிலும் பத்து ஒளிந்திருக்கிறது. எண்பது வரை ஒழுங்காக வந்துவிட்டு அடுத்தது தொண்ணூறு. தொண்ணூற்று மூன்றை எடுத்து வை என்றதும் அவள் ஒரு பலகையையும் மூன்று சில்லையும் வைத்தாள். காதில் நூறு விழுந்திருக்கிறது, பாவம். தொள்ளாயிரத்துக்குப் பூதத்தைத் தூக்கினாள். நோட்டில் வெறுமனே தப்பாக எழுதியிருந்தால் ஏன் தப்பு என்று எனக்குப் பிடிபட்டிருக்காது. அவள் எந்தக் கட்டையை எடுக்கிறாள் என்று பார்த்ததால்தான் தெரிந்தது.

எங்கே இவை கைகொடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று சில்லை இடப்பக்கமும் இரண்டு குச்சியை வலப்பக்கமும் வைத்தாலும் அது இருபத்து மூன்றுதான். தாளில் இடம் மாறினால் 32 ஆகிவிடும். சுழியமும் அப்படித்தான். 402 என்றால் நான்கு பலகை, இரண்டு சில்லு. நடுவில் எதுவும் வேண்டாம். பழைய தமிழ் எண்முறையில் ௪௱௨ என்று எழுதினார்களே, ௱ என்றால் நூறு, அதே கதை. அங்கேயும் சுழியத்துக்கு வேலை இல்லை. ஆனால் பள்ளி நோட்டில் அந்தச் சுழியத்தை விட்டால் 42. மணிச்சட்டம் இதற்கு நேர் எதிர். அதில் எல்லா மணியும் ஒரே அளவு, எந்தக் கம்பியில் இருக்கிறது என்பதுதான் மதிப்பு. இடத்தை நன்றாகக் காட்டும், பத்து மடங்கு என்பது எவ்வளவு பெரியது என்று காட்டாது. இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், முதலில் கட்டை. பெட்டியோடு வந்த இடமதிப்புத் தாள் ஒரு வாரத்தில் கிழிந்துவிட்டது. பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் மூன்று கட்டம் போட்டு நூறுகள், பத்துகள், ஒன்றுகள் என்று எழுதிக் கொடுத்தேன். காலிக் கட்டம் இருந்தால் நோட்டில் சுழியம் போட வேண்டும் என்று ஒப்பந்தம்.

நான் செய்த தப்பு ஒன்று. முதல் இரண்டு வாரம் கட்டையில் செய், முடித்ததும் நோட்டில் எழுது என்று விட்டுவிட்டேன். கட்டையில் விடை சரியாக வரும். நோட்டைத் திறந்தால் பழையபடி 35. அவளுக்கு அது விளையாட்டு, இது பாடம், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அப்புறம் ஒவ்வொரு முறை சில்லறை மாற்றும்போதும் அந்த நொடியே நோட்டில் 5-ஐ அடித்து 4 போடவும், 2-ஐ 12 ஆக்கவும் சொன்னேன். கேஷியர் பணம் கொடுக்கும்போதே பேரேட்டில் எழுதுவது மாதிரி. 402-லிருந்து 167-ஐக் கழிக்கும் கணக்கில்தான் அது முழுதாகப் பிடிபட்டது. பத்துகள் கட்டம் காலி, அதனால் பலகையைக் கொடுத்துப் பத்துக் குச்சி, அதில் ஒன்றைக் கொடுத்துப் பத்துச் சில்லு. மூன்று பலகை, ஒன்பது குச்சி, பன்னிரண்டு சில்லு. சுழியத்தின் மேல் ஏன் 9 வருகிறது என்று கேட்டால் இப்போது அவளே எனக்கு விளக்குவாள். விடை 235.

வாங்கலாமா? இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கலாம். முதல் வகுப்பு என்றால் இதை விட, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் சில்லுகள் மேல். பத்தைக் கோத்தால் குச்சி, பிரித்தால் சில்லு, முட்டியில் வைத்து உடைக்கவும் தோதாக இருக்கும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் மரச்சில்லைக் கண்ணில் காட்டாதீர்கள், வாயில் போட்டுக்கொள்ளும் அளவு. கட்டையின் வாசனை நன்றாக இருக்கிறது, சாயம் கையில் ஒட்டவில்லை, மூடி மட்டும் முதல் வாரமே கழன்றுவிட்டது.

இப்போது அவள் கட்டையைத் தொடுவதில்லை. நோட்டின் ஓரத்தில் சதுரம், கோடு, புள்ளி என்று வரைந்துகொள்கிறாள். பல கணக்குக்கு அதுவும் இல்லை. போன வாரம் பெட்டியை எடுத்து வைக்கலாம் என்று எண்ணினேன், சில்லு 88 இருந்தது. எத்தனை குறைகிறது என்றால் பன்னிரண்டு என்று நிமிராமலே சொல்கிறாள். எங்கே போனது என்பதற்கு மட்டும் பதில் இல்லை.