பஸ்ஸர்பீட்டரில் தடுப்பாட்டம்: பெரிய ஆளுக்கும் அவுட்சைடு டிஃபென்ஸ் வேண்டும்

2007-இல் வந்த பஸ்ஸர்பீட்டர் என்ற கூடைப்பந்து மேனேஜர் விளையாட்டில் பல சீசனாக ஒரே அணியை நடத்தி வருகிறேன். இதில் எனக்கு மிகவும் பிடித்தது தடுப்பாட்டத் திறன்களை வளர்க்கும் வேலைதான்.

திறன்கள் மூன்று: அவுட்சைடு டிஃபென்ஸ் (வளையத்திலிருந்து தள்ளித் தடுப்பது), இன்சைடு டிஃபென்ஸ் (வளையத்துக்கு அருகே தடுப்பது), ஷாட் பிளாக்கிங் (எறியும் பந்தைத் தட்டிவிடுவது). வெளியே நின்று ஆடும் கார்டுக்கு முதலாவது, வளையத்தருகே ஆடும் உயரமான செண்டருக்கு மற்ற இரண்டும் என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். ஆளுக்கு ஆள் தடுக்கும் மேன்-டு-மேன் ஆடும்போது அந்தக் கணக்கு இடிக்கும். செண்டரைப் போலவே உள்ளே ஆடும் பெரிய ஆளான எதிரணியின் பவர் ஃபார்வர்டுக்கு ஜம்ப் ஷாட் (தள்ளி நின்று குதித்து எறிவது) நன்றாக இருக்கிறது என்று வையுங்கள். இன்சைடு டிஃபென்ஸ் நிலை 14 உள்ள நம்ம ஆள் எதிரே நின்றும் பெரிய பயன் இல்லை. மேட்ச் ரிப்போர்ட்டை வரி வரியாகப் படித்தால் தெரிந்துவிடும். அவன் வளையத்துக்குக் கீழே முயன்றதே குறைவு. தள்ளி நின்று போட்டதெல்லாம் விழுந்திருக்கும். கார்டு பக்கமும் இதே கதைதான். எதிரணி கார்டு டிரைவிங் செய்து, அதாவது பந்தோடு வளையத்தை நோக்கிப் பாய்ந்து, உள்ளே புகுந்துவிட்டால், இன்சைடு டிஃபென்ஸ் சுத்தமாக இல்லாத கார்டால் அவனைத் தடுக்க முடியாது.

அதனால் செண்டருக்கு அவுட்சைடு டிஃபென்ஸ் நிலை 7, 8 வரை கட்டாயம் ஏற்றுவேன். கார்டுக்கு இன்சைடு டிஃபென்ஸும் அதே அளவு.

சம்பளமும் இதற்குத் தோதாக இருக்கிறது. ஐந்து பொசிஷனுக்கும் (ஆடும் இடம்) தனித்தனியாகக் கணக்குப் போட்டு, எதில் அதிகம் வருகிறதோ அதுதான் ஆட்டக்காரரின் சம்பளம். செண்டரின் இன்சைடு திறன்களைக் கூட்டிக்கொண்டே போனால் சம்பளம் எகிறும். அதே ஆளுக்கு அவுட்சைடு டிஃபென்ஸ் ஏற்றினால் செலவு அவ்வளவாக ஏறாது.

சரி, அப்புறம் ஏன் எல்லோரும் இதைச் செய்வதில்லை? பயிற்சிதான் காரணம். வாரம் ஒரே ஒரு பயிற்சி, பலன் வெள்ளிக்கிழமை தெரியும். முழுப் பலன் கிடைக்க அந்தப் பயிற்சிக்குரிய பொசிஷனில் 48 நிமிடம் ஆடியிருக்க வேண்டும். அவுட்சைடு டிஃபென்ஸ் வேண்டுமென்றால் இரண்டு மீட்டர் உயரப் பையனைக் கார்டாக இறக்கியாக வேண்டும். பந்தைக் கையாளத் தெரியாதவன் என்பதால் டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் பறிகொடுப்பது) குவியும். முடிந்தவரை நட்பு ஆட்டங்களில் நிமிடத்தை நிரப்பிவிடுவேன். லீக் ஆட்டத்தில் அவனை இறக்கியே ஆகவேண்டிய வாரமும் வரும். எதிரணி பலவீனமாக இருக்கும் வாரமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

உயரம் கூடினால் வெளித் திறன்கள் மெதுவாகத்தான் ஏறும், வயது கூடினால் எல்லாமே மெதுவாகும். ஆகவே உயரமான பையனுக்கு 18, 19 வயதிலேயே அவுட்சைடு டிஃபென்ஸை முடித்துவிடுங்கள். இன்சைடு டிஃபென்ஸ் அவனுக்கு வேகமாக ஏறும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். டிராஃப்டில் (இளம் ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் முறை) நான் தேடுவது 198 முதல் 203 செ.மீ. வரை உள்ளவர்களை. இரண்டு பக்கமும் ஓரளவு வேகத்தில் கற்பார்கள், கார்டுக்கும் பெரிய ஆட்களுக்கும் இடைப்பட்ட ஸ்மால் ஃபார்வர்டாகவும் நிறுத்தலாம்.

ஷாட் பிளாக்கிங் என் வரிசையில் கடைசி. மற்ற இரண்டும் நிமிர்ந்த பிறகு, ஒன்றிரண்டு பெரிய ஆட்களுக்கு மட்டும் கொடுப்பேன். கார்டுக்கு அதற்காக ஒரு வாரம்கூட ஒதுக்க மாட்டேன்.