எம்7 துப்பாக்கியும் 6.8 மி.மீ. தோட்டாவும்: ஒரு மதிப்புரை

எம்4 துப்பாக்கி ஏந்திய அமெரிக்கக் காலாட்படை வீரர் வழக்கமாக ஏழு மேகசின்களில் 210 தோட்டாக்களைச் சுமந்து செல்வார். அதற்கு மாற்றாக வழங்கப்பட்டுவரும் எம்7 துப்பாக்கியின் மேகசினில் 20 தோட்டாக்களே அடங்கும் என்பதால், அதே ஏழு மேகசின்களில் அவருக்குக் கிடைப்பவை 140 மட்டுமே. தோட்டாக்களில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது, சுமையோ கூடியிருக்கிறது. இதற்கு ஈடாக அவர் பெறுவது என்ன, அது போதுமானதா என்பதைப் பார்ப்பதே இந்த மதிப்புரையின் நோக்கம். போரில் ஒரு வீரரின் உயிர் தங்கியிருக்கும் கருவியைப் பற்றிய பேச்சு என்பதால், விற்பனைக் குறிப்புகளை ஒதுக்கிவிட்டு, வெளியிடப்பட்ட அளவுகளையும் இதற்கு முன் நடந்த மாற்றங்களின் வரலாற்றையும் வைத்தே எழுதுகிறேன்.

2022 ஏப்ரலில் அமெரிக்கத் தரைப்படை சிக் சாவர் நிறுவனத்துக்குப் பத்தாண்டு ஒப்பந்தம் ஒன்றை வழங்கியது. துப்பாக்கி, எம்250 என்ற இலகு இயந்திரத் துப்பாக்கி, இரண்டுக்கும் பொதுவான 6.8×51 மி.மீ. தோட்டா (முதல் எண் குண்டின் தோராய விட்டம், இரண்டாவது உறையின் நீளம்) ஆகிய மூன்றும் அதில் அடங்கும். முதலில் எக்ஸ்எம்5 என்று பெயரிடப்பட்ட துப்பாக்கி, அந்த எண்ணை கோல்ட் நிறுவனம் ஏற்கெனவே பயன்படுத்தி வந்ததால் 2023 தொடக்கத்தில் எக்ஸ்எம்7 ஆனது. 2024இல் 101ஆவது வான்வழிப் பிரிவின் வீரர்கள் இதைப் பெற்றார்கள். 2025இல் முறையான ஏற்பும் கிடைத்து, சோதனை நிலையைக் குறிக்கும் முன்னெழுத்து பெயரிலிருந்து நீங்கியது.

இந்தத் தொகுப்பில் உண்மையில் புதியது தோட்டாதான். வழக்கமான பித்தளை உறைக்குப் பதிலாக, இதன் அடிப்பாகம் துருப்பிடிக்காத எஃகாலும் மேற்பாகம் பித்தளையாலும் ஆனது. இரண்டையும் உள்ளே ஓர் அலுமினிய வளையம் பிணைக்கிறது. இப்படிச் செய்ததற்குக் காரணம் உண்டு. ஒலியடக்கியைப் பொருத்தினாலும் துப்பாக்கி அளவுக்கு மீறி நீளக் கூடாது என்பதால் குழலின் நீளம் 13 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. குட்டையான குழலில் குண்டு வேகம் எடுக்க இடம் போதாது. அதே வேகம் வேண்டுமானால் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். 7.62 நேட்டோ தோட்டாவின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டை ஒட்டியது. 6.8 தோட்டாவோ 80,000 பவுண்டு வரை போகிறது. அவ்வளவு அழுத்தத்தைப் பித்தளை அடிப்பாகம் தாங்காது, எஃகு தாங்கும். ஒரு பொறியியல் தீர்வாகப் பார்த்தால் இது மனதாரப் பாராட்டத்தக்க வேலை.

பலனும் சிறியதல்ல. இதே தோட்டாவின் பொதுச் சந்தை வடிவம் 135 கிரெயின், அதாவது ஏறத்தாழ 8.75 கிராம் எடையுள்ள குண்டை 16 அங்குலக் குழலிலிருந்து நொடிக்கு 3,000 அடி வேகத்தில் செலுத்துவதாகத் தயாரிப்பாளர் கூறுகிறார். கணக்கிட்டால் அது 3,600 ஜூலுக்கும் மேற்பட்ட ஆற்றல். நேட்டோவின் 5.56 தோட்டா தருவது ஏறத்தாழ 1,750 ஜூல். ஆனால் இந்தப் பலனுக்கு மூன்று விதமாக விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. 5.56 தோட்டா ஒன்று சுமார் 12 கிராம், 7.62 நேட்டோ தோட்டா ஒன்று அதைப்போல் இரண்டு மடங்கு எடை, 6.8 இவற்றுக்கு நடுவில், கனமானதன் பக்கம் சாய்ந்து நிற்கிறது. தோளில் விழும் உதைப்பு கூடுவதால், அடுத்த குண்டுக்குக் குறியை மீட்டெடுக்க நேரமாகிறது. மிகுந்த அழுத்தமும் வெப்பமும் குழலின் ஆயுளைத் தின்கின்றன.

இந்த விவாதம் இன்று தோன்றியதல்ல. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கேரண்ட் துப்பாக்கி முதலில் .276 அங்குலத் தோட்டாவுக்காகவே உருவாக்கப்பட்டது. 1932இல் படைத்தலைவராக இருந்த டக்ளஸ் மக்ஆர்தர், கிடங்குகளில் குவிந்திருந்த .30 அங்குலத் தோட்டாக்களைக் கருதி அதை மறுத்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டன் .280 அங்குலத் தோட்டாவையும் அதற்கான இஎம்-2 துப்பாக்கியையும் உருவாக்கி 1951இல் ஏற்கவும் செய்தது. முழு ஆற்றல் கொண்ட தோட்டாதான் வேண்டும் என்று அமெரிக்கா பிடிவாதமாக நின்றது. மீண்டும் பிரதமரான சர்ச்சில் நேட்டோ ஒற்றுமை கருதி பிரிட்டனின் தோட்டாவைக் கைவிட்டார். அதன் பிறகு 7.62×51 நேட்டோவின் பொதுத் தோட்டா ஆனது. 1957இல் அமெரிக்கா ஏற்ற எம்14, தானியங்கிச் சுடுதலில் கட்டுக்குள் நிற்காத துப்பாக்கியாக இருந்தது; பத்து ஆண்டுகளுக்குள் அதே அமெரிக்கா 5.56 மி.மீ. எம்16க்கு மாறியது. நடுத்தர ஆற்றலுள்ள ஒரு தோட்டாவை 1951இலேயே ஏற்றிருந்தால், பிற்காலக் குழப்பங்களில் பெரும்பகுதி நேர்ந்திருக்காது என்பதே என் கருத்து.

சிறிய தோட்டாவுக்கு மாறியதற்கு ஆய்வுப் பின்னணியும் இருந்தது. 1952இல் நார்மன் ஹிட்ச்மன் அமெரிக்கத் தரைப்படைக்காகத் தயாரித்த அறிக்கை, துப்பாக்கிச் சண்டைகளில் பெரும்பாலானவை 300 கெஜத்துக்குள்ளேயே நடக்கின்றன என்றும், அதற்கு அப்பால் சாதாரண வீரரின் குறி மிகவும் தளர்ந்துவிடுகிறது என்றும் காட்டியது. அப்படியானால் 800 மீட்டர் பாயும் தோட்டாவின் எடையை ஒவ்வொரு வீரரும் எதற்காகச் சுமக்க வேண்டும்? இந்தக் கேள்வி எம்16ஐ உருவாக்கிய காரணங்களுள் ஒன்று. எம்7க்கும் அது அப்படியே பொருந்துகிறது.

மறுபக்கத்து வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆப்கானிஸ்தானின் மலைகளில் எதிரிகள் பிகே வகை இயந்திரத் துப்பாக்கிகளால் தொலைவிலிருந்து சுட்டபோது, எம்4 ஏந்தியவர்களால் உரிய பதில் கொடுக்க முடியவில்லை. எம்16இல் 20 அங்குலமாக இருந்த குழலை எம்4இல் 14.5 அங்குலமாக வெட்டியதில் 5.56 குண்டு வேகத்தை இழந்தது. உடலுக்குள் சிதறிச் சேதம் விளைவிக்க அந்தக் குண்டு நம்பியிருந்தது வேகத்தைத்தான். 5.56 மீதான புகார்களில் கணிசமானவை உண்மையில் குட்டைக் குழலின் மீதான புகார்கள் என்றே நான் கருதுகிறேன். உடற்கவசத்தின் பிரச்சினை இதிலிருந்து வேறானது. 2017 மே மாதம் அப்போதைய தரைப்படைத் தலைவர் மார்க் மில்லி செனட் குழுவின் முன், புதிய வகைக் கவசத்தகடுகளை இருக்கும் 5.56 தோட்டா துளைக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டார். எம்7 பிறந்ததற்கு இந்த வாக்குமூலமே முக்கியக் காரணம் எனலாம். கவசம் அணிந்த எதிரியை நிறுத்த வேண்டும் என்ற தேவை உண்மையானது.

இனித் துப்பாக்கிக்கு வருவோம். ஒலியடக்கி இல்லாமல் ஏறத்தாழ 3.8 கிலோ, ஒலியடக்கியுடன் ஏறத்தாழ 4.5 கிலோ. மேகசினும் குறிநோக்கியும் இந்த எடையில் சேரவில்லை. குண்டு நிரப்பாத எம்4 மூன்று கிலோவை ஒட்டியே இருக்கும். ஒலியடக்கி குழலின் முனையில் தொங்குவதால் எடை முன்பக்கம் சாய்கிறது. ஓடி, குனிந்து, கதவைத் தாண்டி உடனே சுட வேண்டியவருக்கு ஒவ்வொரு நூறு கிராமும் தெரியும். ஆனாலும் ஒலியடக்கியை ஒவ்வொரு வீரருக்கும் வழங்கும் முடிவை நான் முழுமனதுடன் ஆதரிக்கிறேன். காது கேட்கும் திறனை இழந்து ஓய்வு பெறும் படைவீரர்கள் எத்தனையோ பேர். தவிர, சத்தம் தணிந்தால் தலைவரின் கட்டளை காதில் விழும், வெளிச்சம் தணிந்தால் இரவில் இருப்பிடம் எளிதில் தெரியாது. கட்டுப்பாட்டு விசைகள் எம்4இல் இருந்த இடங்களிலேயே இருப்பதும், இரு கைப்பழக்கத்தினரும் இயக்க முடிவதும் நல்ல முடிவுகள். முதல் தோட்டாவை அறைக்குள் ஏற்ற இழுக்கும் கைப்பிடி பக்கவாட்டில் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. எடை குறைப்பே தலையாய தேவையாக இருக்கும் துப்பாக்கியில் ஒன்றே போதும்.

2025இல் ஓர் அமெரிக்கத் தரைப்படைக் கேப்டன், எடை, தோட்டாக் குறைவு, குழல் தேய்மானம் ஆகியவற்றை முன்வைத்து, நவீனப் போருக்கு இந்தத் துப்பாக்கி ஏற்றதல்ல என்று ஒரு கண்காட்சி மேடையில் வெளிப்படையாக வாதிட்டார். தயாரிப்பாளர் அதை விரிவாக மறுத்தார். குழல் தேய்மானம் பற்றிய பகுதியில் நான் அவசரப்பட மாட்டேன். வியட்நாமில் எம்16 சிக்கிச் சிக்கி நின்றதற்கு அடிப்படை வடிவமைப்பு காரணமாக இருக்கவில்லை. வெடிமருந்தை மாற்றியதும், தோட்டா அமரும் அறைக்குக் குரோமியப் பூச்சு கொடுக்காமல் விட்டதும், துடைப்புக் கருவிகள் வழங்காததுமே காரணங்கள். 1967இல் காங்கிரஸ் விசாரணைக்குப் பின் அவை திருத்தப்பட்டன. அந்தத் துப்பாக்கிக் குடும்பம் இன்றும் பணியில் இருக்கிறது. தேய்மானம் திருத்தக்கூடியது. தோட்டாவின் பருமனையும் எடையையும் எந்தத் தொழிற்சாலையாலும் திருத்த முடியாது.

துப்பாக்கியின் மேல் பொருத்தப்படும் வோர்ட்டெக்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்எம்157 குறிநோக்கியே இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய வரவு என்று நினைக்கிறேன். ஒன்று முதல் எட்டு மடங்கு வரை பெரிதாக்கும் இதனுள் லேசர் தூரமானி, காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் அறியும் உணரி, குண்டின் வளைவைக் கணக்கிடும் கணினி எல்லாம் இருக்கின்றன. இலக்கின் தூரத்தை அளந்து, எங்கே குறிவைக்க வேண்டும் என்பதைக் கண்ணாடிக்குள்ளேயே காட்டுகிறது. 1952 அறிக்கை சுட்டிய பலவீனம் தோட்டாவில் இருந்ததைவிடச் சுடுபவரின் குறியில்தான் அதிகமாக இருந்தது. அந்தப் பலவீனத்தை நேரடியாகத் தொடுவது இந்தக் குறிநோக்கி. இதை 5.56 துப்பாக்கியின் மேல் பொருத்தினாலும் 300 முதல் 500 மீட்டர் வரையிலான தூரத்தில் பெரும் முன்னேற்றம் கிடைக்கும். மின்கலம் தீர்ந்தாலும் சாதாரணக் குறிநோக்கியாக அது பயன்படும் என்பது கூடுதல் ஆறுதல்.

எம்250ஐப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனெனில் அதில் குறை சொல்ல அதிகம் இல்லை. அது மாற்றீடு செய்யும் எம்249 ஏழரைக் கிலோவுக்குக் குறையாதது. எம்250 ஒலியடக்கியுடனும் ஏறத்தாழ ஆறரைக் கிலோதான். எடை குறைந்து, தூரமும் துளைக்கும் திறனும் கூடியிருக்கின்றன. மலைச்சரிவில் தொலைவிலிருந்து வரும் சூட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியது முதலில் இயந்திரத் துப்பாக்கியின் கடமை. அந்தக் கடமைக்கு 6.8 தோட்டா பொருத்தமானது.

மற்றப் படைகள் என்ன செய்தன என்பதும் கவனிக்கத்தக்கது. அமெரிக்க மரைன் படை 5.56 மி.மீ. எம்27லேயே நிற்கிறது. ரஷ்யாவின் ஏகே-12 இன்னும் 5.45 மி.மீ., சீனாவின் கியூபிஇசட்-191 இன்னும் 5.8 மி.மீ. இந்தியாவின் பாதை வேறுவிதமானது: 7.62 எஸ்எல்ஆரிலிருந்து 1990களில் 5.56 இன்சாஸுக்கு மாறி, இப்போது மீண்டும் 7.62க்குத் திரும்பியிருக்கிறது. இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். 2019இல் 72,400 என்ற எண்ணிக்கையில் வாங்க ஒப்பந்தமான சிக்716, முழு ஆற்றல் கொண்ட 7.62×51 தோட்டாவைச் சுடுகிறது. அமேதி மாவட்டத்தின் கோர்வாவில் ஆறு லட்சத்துக்கும் மேல் தயாரிக்கத் திட்டமிடப்பட்ட ஏகே-203, உறை குட்டையான 7.62×39 தோட்டாவைச் சுடுகிறது. எண் ஒன்றாக இருந்தாலும் இவை வெவ்வேறு தோட்டாக்கள், ஒன்றின் இடத்தில் மற்றது செல்லாது. கனமான தோட்டா எல்லையின் முன்வரிசையில் நிற்பவர்களுக்கு, இலகுவானது பெரும்பான்மையோருக்கு என்ற இந்தப் பகிர்வில் ஒரு தெளிவு இருக்கிறது. அமெரிக்கத் திட்டத்தில் நான் தேடிக் காணாதது அந்தத் தெளிவைத்தான்.

எல்லோருக்கும் ஒரே தோட்டா இருந்தால் வழங்கல் எளிதாகும் என்பது 6.8இன் ஆதரவாளர்கள் சொல்லும் நல்ல வாதம். ஒரு சிறு பிரிவுக்குள் மட்டும் பார்த்தால் அது சரிதான். ஆனால் எம்7 நேரடிச் சண்டையில் ஈடுபடும் பிரிவுகளுக்கு மட்டுமே. மற்ற வீரர்கள் எம்4உடன் தொடர்வார்கள், எம்240 இயந்திரத் துப்பாக்கியும் 7.62லேயே தொடர்கிறது. ஆகவே கிடங்கில் இரண்டு வகைகளாக இருந்தது மூன்று வகைகளாகிறது, அந்த மூன்றாவதை நேட்டோவின் மற்ற நாடுகளிடம் அவசரத்துக்குக் கடன் வாங்கவும் முடியாது. மிசூரி மாநிலத்தின் லேக் சிட்டி தொழிற்சாலையில் 6.8 தோட்டாவுக்கென்றே தனிக் கட்டடம் எழுப்பும் பணி 2025இல்தான் தொடங்கியது. கலப்பு உலோக உறை பித்தளை உறையைவிடச் செய்வதற்குச் சிக்கலானது. தோட்டா விலை மிகுந்தால் முதலில் அடிபடுவது பயிற்சி. பயிற்சியில் குறைவாகச் சுட்ட வீரருக்கு எந்தக் குறிநோக்கியும் முழுமையாக உதவாது.

என் பரிந்துரை இதுதான். எம்250ஐயும் எக்ஸ்எம்157ஐயும் தயக்கமின்றி ஏற்கலாம். எம்7ஐ ஒன்பது பேர் கொண்ட ஒரு பிரிவில், தொலைதூரக் குறிக்குப் பயிற்சி பெற்ற ஒருவர் அல்லது இருவரிடம் தரலாம். அங்கே அது மிகச் சிறந்த துப்பாக்கி. கட்டடங்களுக்குள் நுழைபவர்கள், எறிகுண்டு செலுத்துபவர்கள், மருத்துவ உதவியாளர்கள் கையில் 210 தோட்டாக்களுடன் 5.56 தொடர்வதே நல்லது. கவசத்தைத் துளைக்க அவர்களிடம் எறிகுண்டும், அருகிலேயே இரண்டு எம்250களும் இருக்கும். தயாரிப்பாளர் இப்போது காட்டிவரும் எடை குறைந்த குட்டை வடிவம் இந்தக் கணக்கைச் சற்று மாற்றக்கூடும். ஆனால் குழல் மேலும் குறைந்தால் வேகமும் குறையும், அப்போது 80,000 பவுண்டு அழுத்தத்தால் ஈட்டியதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.