ஒன்பது வருடங்களாக எங்கள் வீட்டில் நிற்கும் கூடூ

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்த மூன்றாவது வருடம், 2016இல், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஓர் ஓவியரிடம் இந்த எண்ணெய் வண்ணப் படத்தை வாங்கினேன். மூன்றடி அகலம், இரண்டடி உயரம், 4,500 ரேண்ட். முள்மரங்களின் ஓரத்தில் ஓர் ஆண் கூடூ நிற்கிறது. பின்னால் செக்கர் வானம். ஊரில் அம்மாவிடம் சொன்னபோது, "எந்தப் பறவையோட கூடு?" என்று கேட்டார். இரலை வகை, மான் மாதிரி இருக்கும், ஆனால் மானைப் போல வருடா வருடம் கொம்பை உதிர்க்காது என்று விளக்கினேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். விலங்கைத் தெரிந்தவர் வரைந்த படம் இது. முறுக்கிக்கொண்டு மேலே போகும் கொம்பு, தொண்டையிலிருந்து தொங்கும் தாடி, கண்களுக்கு நடுவே வெள்ளைக் கோடு, விலாவில் இறங்கும் எட்டு வெள்ளை வரிகள் என்று எல்லாம் சரியாக இருக்கின்றன. கூடூவை அவர் வெட்டவெளியில் நிறுத்தவில்லை என்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். அது புதரோரத்து விலங்கு. பகல் வெயிலில் உள்ளே ஒதுங்கியிருந்துவிட்டு, காலையிலும் மாலையிலும் தழை தின்ன வெளியே வரும். வாங்கிய மறுவருடம் ஹ்லுஹ்லுவே-இம்ஃபோலோசிக்குப் போனபோது அதை நேரில் பார்த்தோம். 1895இல் காப்பகமாக்கப்பட்ட காடு அது. எங்களுக்கு மூன்று மணி நேரப் பயணம்.

அப்புறம் அந்தக் காது. சூரியன் பின்னால் இருப்பதால் காது மடல் உள்ளிருந்து சிவந்திருக்கிறது, ஒரு நரம்புகூடத் தெரிகிறது. கையை வெயிலுக்கு எதிரே பிடித்தால் விரலிடுக்கு சிவக்குமே, அதே சிவப்பு. ஒன்பது வருடமாகப் பார்த்தும் அலுக்கவில்லை.

இனி குறைகள். முதல் தவறு என்னுடையது. நம் ஊரில் மார்கழி வெயில் தெற்கே சாய்ந்து வரும். அந்தப் பழக்கத்தில், வடக்கு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் வெயில் படாது என்று நினைத்து அங்கே மாட்டினேன். டர்பனில் சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறது. இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் தாழ்வாக வந்து கூடத்தின் உள்வரை விழும். இரண்டே குளிர்காலத்தில் வானத்தில் இருந்த ரோஜா நிறம் போய்விட்டது. ஆரஞ்சும் மண் நிறங்களும் அப்படியே இருக்க, மேகங்களுக்கு அடியில் இருந்த அந்த இளஞ்சிவப்பு மட்டும் வெளிர் மஞ்சளாகிவிட்டது.

ஓவியங்களைச் செப்பனிடும் ஒரு பெண்மணியிடம் கொண்டுபோனேன். அது அலிசரின் கிரிம்சன் என்றார். 1868இல் செயற்கையாகத் தயாரிக்கக் கற்றுக்கொண்ட சாயம். வெள்ளையோடு கலந்து மெல்லியதாகப் பூசினால் வெளிச்சத்துக்குத் தாங்காது. காதில் இருப்பது காட்மியம் சிவப்பு, தடிமனான பூச்சு, அதனால் தப்பித்தது. அந்தி வானப் படம் வாங்குகிறவர்கள் வேறெதைக் கேட்காவிட்டாலும், சிவப்புக்கு எந்த வண்ணம் போட்டீர்கள் என்று ஓவியரிடம் கேட்டுவிடுங்கள்.

வெயிலுக்குப் பயந்து நடைவழி இருட்டில் மாட்டினால், எண்ணெய்ப் பூச்சு இருட்டில் மஞ்சளடிக்கும் என்றார் அந்தப் பெண்மணி. பூஜை அறைப் பக்கம் மாற்றினேன். ஊதுபத்தியும் கற்பூரமும் போதாதென்று, கரும்பு வெட்டும் பருவத்தில் தோட்டங்களில் சோகையைக் கொளுத்தும்போது பறந்து வரும் கரி வேறு. ஒருநாள் ஈரத் துணியால் கீழ் மூலையைத் துடைத்தேன். வார்னிஷ் பூசாத படம். புல்லில் உள்ளங்கை அளவுக்கு வெளுத்த திட்டு நின்றுவிட்டது. உருளைக்கிழங்கை வெட்டித் தேய்க்கச் சொன்னார் வீட்டுக்கார ஆன்ட்டி. நல்லவேளை, அதைச் செய்யவில்லை. சுத்தம் செய்து வார்னிஷ் பூச 1,800 ரேண்ட் ஆனது. இப்போது காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுவதோடு சரி.

கடற்கரை ஊர் ஈரம் இன்னொரு தொல்லை. பின்பக்கம் பூஞ்சை பிடித்தது. சட்டத்தின் கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டிச் சுவரிலிருந்து ஒரு விரல் இடைவெளி விட்ட பிறகு வரவில்லை. ஜனவரி, பிப்ரவரியில் கேன்வாஸ் தொய்ந்து வயிறு தள்ளும். பின்னால் மூலைகளில் சின்ன மர ஆப்புகள் இருக்கின்றன. அவற்றைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினால் துணி விறைக்கும், ஆனால் ஒரே தடவையில் பலமாகத் தட்டக் கூடாது.

இப்போது படம் தெற்குப் பக்கம் ஜன்னல் உள்ள அறையில் இருக்கிறது. நேர் வெயில் இல்லாமல் பகல் முழுக்க நல்ல வெளிச்சம். ஆறு வருடமாக வேறெந்த நிறமும் மாறவில்லை.

போன ரோஜா நிறத்தை, வெளுக்காத புதுச் சாயத்தால் மறுபடி பூசித் தரட்டுமா என்று அந்தப் பெண்மணி கேட்டார். மனைவியைப் பார்த்தேன். அன்று இம்ஃபோலோசியில், காப்பக வாயிலை மூடுவதற்குள் அவசரமாகத் திரும்பும்போது, வானம் இப்படித்தான் வெளுத்திருந்தது என்றாள். அப்படியே விட்டுவிட்டோம்.