பிள்ளைகளின் ரேஸ் குவாடுக்கு எடை குறைந்த ஆக்சில் வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள்

என் மகளுக்கு 8 வயது. 90 சிசி குவாட் (நாலு சக்கர மோட்டார் வண்டி) ஓட்டுகிறாள். போன மாதம் பயிற்சியில் ஒரு சின்ன மேட்டைத் தாண்டி இறங்கினாள், இறங்கின வேகத்திலேயே பின்பக்க வலது சக்கரம், அதைத் தண்டில் பிடித்து வைக்கிற ஹப்போடு சேர்ந்து பிய்த்துக்கொண்டு தனியாக உருண்டு போனது. நட்டு கழன்று விழுந்ததல்ல, சக்கரங்களைத் தாங்குகிற தண்டான ஆக்சிலே முறிந்துவிட்டது. இந்த வண்டிகளில் பின் சக்கரம் இரண்டும் ஒரே தண்டில்தான் சுழலும், பிரேக் டிஸ்க்கும் அந்தத் தண்டில் ஒன்றே ஒன்றுதான். தண்டு முறிந்தால் பிரேக் ஒரு சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். அவள் பயந்துபோய் பிரேக்கை இறுக்க, வண்டி அரை வட்டம் அடித்து அவளைத் தூக்கிப் போட்டது. மணிக்கட்டில் கட்டியிருந்த கயிறு இழுபட்டு எஞ்சின் உடனே அணைந்தது. கை வீங்கியதோடு போயிற்று. அந்தக் கயிறு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் என்று நினைத்தாலே இப்போதும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அந்த ஆக்சிலை நான்தான் தேடிப் பிடித்து வாங்கி மாட்டினேன். விற்றவர் சொன்னது இதுதான்: குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த) எஃகு, ஹீட் ட்ரீட்மென்ட் செய்தது (சூடாக்கிப் பதப்படுத்தியது), நடுவில் பாதி விட்டத்துக்குத் துளை போட்டது, கம்பெனி ஆக்சிலைவிட முக்கால் கிலோ குறைவு. அதோடு, "சுழலுகிற பாகத்தில் ஒரு கிலோ குறைத்தால் வண்டியில் நாலு கிலோ குறைத்த மாதிரி, குழந்தை கிளம்பும்போதே தெரியும்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

துளை போட்ட ஆக்சில் என்பது மோசடிச் சரக்கு இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு தண்டு வளையும்போதும் முறுக்கும்போதும் சுமையில் பெரும்பங்கை வெளிப்பக்க உலோகம்தான் தாங்கும், நடுவில் இருப்பது கொஞ்சம்தான் உழைக்கும். வெளிவிட்டத்தில் சரிபாதிக்குத் துளை போட்டால் எடையில் 25 சதவீதம் போகும், பலத்தில் ஏறக்குறைய 6 சதவீதம்தான் போகும். இது நல்ல பேரம், நல்ல பட்டறைகள் இதை ஒழுங்காகச் செய்கிறார்கள். ஆனால் இன்னும் ஆசைப்பட்டுத் துளையைப் பெரிதாக்கினால் பலம் வேகமாகக் குறையத் தொடங்கிவிடும்.

என் கதையில் நடந்தது அதுதான். 25 மிமீ தடிமன், 70 செமீ நீளம் உள்ள திட எஃகுத் தண்டு 2.7 கிலோ இருக்கும். பாதிக்குத் துளை போட்டால் 2 கிலோ. வந்த ஆக்சிலைத் தராசில் வைத்தேன், 1.2 கிலோ காட்டியது. சொன்னதைவிட இவ்வளவு குறைவாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்! எஃகு எஃகுதான், குரோமோலி என்றாலும் சாதாரண இரும்பு என்றாலும் ஒரு கன செமீக்கு 7.85 கிராம்தான், அதில் எந்த வித்தையும் செய்ய முடியாது. எடை அவ்வளவு குறைந்தால் உள்ளே உலோகம் இல்லை என்றுதான் அர்த்தம். இரண்டு முனையிலும் பளபளவென்று அலுமினிய மூடி அடித்திருந்தார்கள். வேலைப்பாடு என்று நினைத்தேன். சுவர் எவ்வளவு மெல்லியது என்று யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக அடித்த மூடி அது.

முறிந்த பிறகு லேத் பட்டறை ஒன்றில் கொடுத்து அறுத்துப் பார்த்தோம். துளை 19 மிமீ. அதுவும் நடுவில் இல்லை, ஒரு பக்கம் சுவர் 4 மிமீ, எதிர்ப்பக்கம் 2 மிமீ. அந்த 2 மிமீ பக்கத்தில்தான் ஹப் உட்காருகிற ஸ்ப்லைன் பற்களும் (தண்டின் நீளவாக்கில் வெட்டுகிற வரிப்பற்கள்) வெட்டியிருக்கிறார்கள். பல்லின் அடியில் மிஞ்சிய உலோகம் ஒரு மிமீகூட இல்லை. என் குழந்தை அந்தத் தகட்டை நம்பித்தான் தாவிக்கொண்டிருந்தாள். கடினத்தன்மையும் சோதித்தார்கள், ராக்வெல் சி அளவில் 20-ஐக்கூடத் தொடவில்லை. ஹீட் ட்ரீட்மென்ட் செய்த ஆக்சில் என்றால் 30-க்கு மேலே நிற்க வேண்டும். இதைக் கையால் வளைத்தோ தட்டியோ கண்டுபிடிக்க முடியாது என்று பட்டறைக்காரர் சொன்னார். பதப்படுத்தினாலும் படுத்தாவிட்டாலும் எஃகின் விறைப்பு ஒன்றேதான், எந்த இடத்தில் திரும்பி வராமல் வளைகிறது என்பதுதான் மாறும்.

முறிந்த முகத்தைப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. பாதி இடம் வழவழவென்று கறுத்து, கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள் மாதிரி வரி வரியாக இருந்தது. மீதிதான் புதுசாகச் சொரசொரப்பாக உடைந்திருந்தது. அதாவது அன்றைக்கு ஒரே அடியில் உடையவில்லை, பல வாரமாக விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறது, நான் ஒவ்வொரு முறையும் அவளை அதில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

அறிகுறியும் இருந்தது. மாட்டி மூன்றாவது வாரத்திலிருந்தே சங்கிலி ஒரு இடத்தில் தளர்வாகவும், சக்கரத்தைச் சுற்றினால் இன்னொரு இடத்தில் விறைப்பாகவும் இருந்தது, நான் சங்கிலி தேய்ந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அதையே சரிசெய்தேன். தண்டு வளைந்தால் சங்கிலி ஓடுகிற பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் நேராகச் சுழலாது, அதனால்தான் அப்படி ஆகும். பிரேக் டிஸ்க்கும் லேசாக ஆடியது. வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, தண்டின் முனை ஆடுகிறதா என்று பாருங்கள். டயல் கேஜ் (சின்ன ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் அளவுகருவி) இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அசையாத ஏதாவது ஒன்றில் ஒரு கம்பியைக் கட்டி முனை பக்கத்தில் நிறுத்தினாலே இடைவெளி மாறுவது கண்ணுக்குத் தெரியும். இரண்டு நிமிட வேலை.

அப்புறம் அந்த 'ஒரு கிலோ நாலு கிலோ' பேச்சு. சுழலுகிற எடை எவ்வளவு பாதிக்கும் என்பது அது மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆக்சில் மையத்திலேயே இருக்கிறது. 18 அங்குல டயர் உள்ள வண்டியில் ஆக்சிலிலிருந்து ஒன்றரை கிலோவை எடுத்தால் சுழற்சியால் கிடைக்கிற கூடுதல் லாபம் சில கிராம்தான், மற்றபடி அது சும்மா ஒன்றரை கிலோ. சஸ்பென்ஷனுக்குக் கீழே தொங்குகிற எடை என்பதால் கரடுமுரடான தடத்தில் சக்கரம் தரையை விட்டுப் போகாமல் இருக்கக் கொஞ்சம் உதவும், அது உண்மை. ஆனால் கிளம்புகிற வேகம்தான் வேண்டுமென்றால் டயரிலும் ரிம்மிலும் குறைக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டே பெற்றோரிடம் வேறு மாதிரிச் சொல்லி விற்கிறார்கள்.

இன்னொன்று, அகலம் கூட்டிய ஆக்சிலும் அதே சரக்கில் வருகிறது. பேரிங்கிலிருந்து சக்கரம் 20 செமீ தள்ளி இருந்ததை 25 ஆக்கினால் அதே குதிப்புக்கு வளைக்கும் விசை கால் பங்கு கூடும். அகலமும் வேண்டும், எடையும் குறைய வேண்டும் என்றால் உலோகம் உண்மையிலேயே நல்லதாக இருக்க வேண்டும். முழு அலுமினிய ஆக்சிலைப் பற்றியும் என்னிடம் கேட்கிறார்கள். அலுமினியத்தின் விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்கு, அதோடு சின்னச் சின்ன அடிகூடச் சேர்ந்துகொண்டே போய் ஒரு நாள் முறிக்கும். தாவுகிற குழந்தை வண்டிக்கு நான் போட மாட்டேன்.

விற்றவரிடம் பேசினேன். முதலில் நட்டைச் சரியாக இறுக்கவில்லை என்றார். படம் அனுப்பியதும் குழந்தை தப்பாக இறங்கியிருக்கும் என்றார். அறுத்த துண்டின் அளவுகளை அனுப்பியதும் இது மண் தடத்துக்கு இல்லை என்றார், விற்கும்போது அப்படி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. உலோகச் சான்றிதழ் கேட்டேன், ஒரு தாளின் படம் வந்தது, அதில் இருந்த வார்ப்பு எண் (அந்த எஃகு எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் எண்) ஆக்சிலில் எங்கேயும் பொறிக்கப்படவில்லை. பணம் இன்னும் வரவில்லை. பணத்தை நான் விட்டுவிடுவேன், ஆனால் அதே ஆக்சில் அதே மூடியோடு இன்றும் விற்பனைக்கு இருக்கிறது, அதை வாங்குகிற வீட்டிலும் ஒரு குழந்தை இருக்குமே.

வாங்கும் முன் வெளிவிட்டம், துளையின் விட்டம், நீளம், எடை நாலையும் எழுத்தில் கேளுங்கள், கணக்குப் போட்டால் பொய் தானாக வெளிவரும். ஏற்கெனவே முனையில் மூடி அடித்த ஆக்சிலை மாட்டியிருக்கிறீர்களா? அடுத்த பயிற்சிக்கு முன் மூடியைப் பிடுங்கி எடுத்து, சுவரைக் காலிப்பரால் நாலு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் மெலிந்திருந்தால் அந்த ஆக்சிலை மாற்றும்வரை அந்த வண்டியில் பிள்ளையை ஏற்றாதீர்கள்.