மாத்திரை டப்பாவில் காலைக்கு ஒரே ஒரு அறை

கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் சிநேகிதி போன வாரம் போனில் கேட்டாள்: "ஏட்டி, உங்கம்மாவுக்கு வச்சிருக்கியே, அந்த மாத்திரை டப்பா எப்படி இருக்கு? இப்ப விலை குறைஞ்சிருக்கு. எங்க அத்தைக்கு ஒண்ணு வாங்கட்டுமா?" போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

டப்பாவைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஏழு நாள், நாளுக்குக் காலை, மதியம், சாயங்காலம், இரவு என்று நான்கு அறை, ஒவ்வொரு நாளும் தனிப் பட்டையாகக் கழன்று வரும். மருந்துக் கடையிலும் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும். நான் வாங்கி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு அலமாரியில் தினமும் புழங்கும் பொருள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே பெரிய நல்லது. அம்மாவுக்கு சுகர், பிரஷர், தைராய்டு, கொலஸ்ட்ரால் எல்லாம் உண்டு. டப்பா வருவதற்கு முன் நான் ஆபீஸிலிருந்து போன் செய்து "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டால், "போட்ட மாதிரிதான் இருக்கு" என்பார். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? போடவில்லை என்று நினைத்து மறுபடி போட்டால் சுகர் மாத்திரை இரட்டிப்பாகிவிடும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையில் அது விளையாட்டில்லை. சுகர் கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, வயதானவர்களுக்குப் பேச்சே குழறிவிடும். போட்டிருப்பார் என்று விட்டுவிட்டால் பிரஷர் மாத்திரை விட்டுப்போகும். டப்பா வந்ததும் இந்தக் கவலை போயிற்று. அறை காலியா, போட்டாச்சு. மாத்திரை உள்ளே இருக்கிறதா, போடவில்லை. விட்டுப்போனதை அடுத்த வேளையோடு சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது என்பதையும் அம்மா இப்போது கேட்காமலே சொல்கிறார். திருச்செந்தூருக்கு இரண்டு நாள் போனால் இரண்டு பட்டையை மட்டும் கழற்றிப் பையில் வைத்துக்கொள்கிறோம். இதற்கெல்லாம் எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

அப்புறம் என்ன குறை என்கிறீர்களா? காலை என்று ஒரே ஒரு அறை. இதுதான் குறை, இரண்டு வருடமாக மாறாத குறை.

நம் வீடுகளில் மாத்திரையை மணி பார்த்துச் சொல்வதில்லை, சாப்பாட்டை வைத்துத்தான் சொல்வோம். டாக்டரும் 1-0-1 (காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று) என்று எழுதிவிட்டு, பக்கத்தில் சாப்பிடும் முன், சாப்பிட்ட பின் என்று குறித்துத் தருகிறார். அம்மாவின் காலைப் பொழுதைப் பாருங்கள். எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு தைராய்டு மாத்திரை. அதன் பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை காபிகூட ஆகாது, காபி அந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். பிறகு இட்லிக்கு உட்காரும்போது சுகர் மாத்திரை. சாப்பிட்டு எழுந்ததும் பிரஷர் மாத்திரை. கேஸ் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்த மாதங்களில் அதுவும் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். காலை என்ற ஒரு சொல்லுக்குள் இத்தனை வேளை இருக்கிறது. டப்பா செய்தவர்கள் அத்தனைக்கும் ஒரு மூடி வைத்திருக்கிறார்கள்.

அம்மா என்ன செய்தார்? மூடியைத் திறந்து எல்லாவற்றையும் உள்ளங்கையில் கொட்டி, காபியோடு விழுங்கினார். "ஏளா, எல்லாம் காலை மாத்திரைதானே?" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. டப்பா அப்படித்தான் சொல்கிறது. அடுத்த ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். ஏறியிருந்தது, அதாவது தைராய்டு மருந்து உடம்பில் போதுமான அளவு சேரவில்லை. நல்ல வேளை, ஹைகிரவுண்டு பக்கம் நாங்கள் பார்க்கும் டாக்டர் உடனே மருந்தின் அளவைக் கூட்டவில்லை. "காபிக்கு எவ்வளவு நேரம் முன்னால போடுறீங்கம்மா?" என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் அதே அளவிலேயே, சரியான முறையில் போட்டு, ஆறு வாரம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொன்னார். டி.எஸ்.எச். இறங்கிவிட்டது. அந்தக் கேள்வியைக் கேட்காத டாக்டரிடம் போயிருந்தால், அம்மா இன்றைக்குத் தேவையில்லாமல் கூடுதல் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இதை நினைக்கும்போதெல்லாம் அந்த டப்பாவின் மேல் எனக்குக் கோபம் வரும்.

இப்போது தைராய்டு மாத்திரை டப்பாவுக்குள் போவதே இல்லை. அது வெளிச்சத்துக்கும் ஈரத்துக்கும் கெடக்கூடிய மருந்து, பாட்டிலில் வந்தது பாட்டிலிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். பாட்டிலும் ஒரு தம்ளர் தண்ணீரும் படுக்கையறையில் தினசரி காலண்டருக்குக் கீழே இருக்கும். மாத்திரையை விழுங்கிய பிறகுதான் அன்றைய தேதித் தாளுக்கு மேலே உள்ள நேற்றைய தாளைக் கிழிக்க வேண்டும். இது அம்மாவே கண்டுபிடித்த வழி. நேற்றைய தேதி தொங்கினால் மாத்திரை போடவில்லை என்று அர்த்தம். கால்சியம் மாத்திரை தைராய்டு மருந்திலிருந்து நான்கு மணி நேரமாவது தள்ளி இருக்க வேண்டும் என்பதால் அதை இரவுச் சாப்பாட்டுக்குக் கொண்டுபோனோம். மீதியை டப்பாவில் இப்படி மாற்றினோம்: முதல் அறை சாப்பிட உட்காரும்போது, இரண்டாவது காலைச் சாப்பாட்டுக்குப் பின், மூன்றாவது மதியம், நான்காவது இரவு. அம்மாவுக்குச் சாயங்கால மாத்திரை இல்லாததால் இது நடக்கிறது. இருக்கிறவர்களுக்கு என்ன வழி என்று எனக்குக் கோபமாகத்தான் வருகிறது. மூடியில் அச்சிட்டிருக்கும் ஆங்கில எழுத்தின் மேல் தமிழில் எழுதி டேப் ஒட்டியிருக்கிறோம். சித்திரை வெயிலில் அது உரிந்துவிடும், மறுபடி ஒட்ட வேண்டும்.

இன்னொன்று, அட்டையிலிருந்து பிரித்த மாத்திரைக்குப் பெயர் கிடையாது. சின்ன வெள்ளை வட்டம் எத்தனையோ உண்டு. சிநேகிதியின் அத்தைக்கு இது மிக முக்கியம். அவருக்குத் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம், கிராமத்தில் நடக்க முடியாத எத்தனையோ பேருக்கு அதுதான் ஆதாரம். அதோடு டவுனில் தனியார் டாக்டரும் எழுதிக் கொடுக்கிறார். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை ஒரு அட்டையில் அந்தப் பெயரிலேயே இருக்கும், இன்னொன்றில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாகவும் மருந்தின் பெயர் பொடி எழுத்திலும் இருக்கும். இரண்டும் ஒன்று என்று தெரியாமல் டப்பாவில் போட்டுவிட்டால் பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே டப்பா நிரப்பும் முன் எல்லா அட்டைகளையும் எடுத்துக்கொண்டு ஒரு டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டியே ஆக வேண்டும்.

அட்டையைப் பற்றிப் பேசும்போது மருந்துக் கடையையும் சொல்ல வேண்டும். நாங்கள் வழக்கமாகப் போன ஒரு கடையில், ஆறு மாத்திரை கேட்டால் தேதி அச்சிட்ட பக்கத்தை அவர்கள் வைத்துக்கொண்டு மறுபக்கத்தை வெட்டிக் கொடுப்பார்கள். கையில் வருவதில் பெயரும் பாதி, காலாவதித் தேதியும் இல்லை. கேட்டால் முகம் சுளிப்பு. வயதானவர்கள் அதை வாங்கி மாதக்கணக்கில் டப்பாவில் போட்டு வைக்கிறார்கள். இப்போது நான் முழு அட்டையாகத்தான் வாங்குகிறேன், அல்லது தேதி உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குகிறேன். நீங்களும் விடாமல் கேளுங்கள். டப்பாவில் ஒரு வாரத்துக்கு மேல் நிரப்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வெளிச்சத்தில் ஒருவர் சீட்டைப் படிக்க, ஒருவர் போட வேண்டும். மீதி அட்டை, சீட்டோடு ஒரே பையில்.

டப்பாவில் போடவே கூடாதவையும் உண்டு. வலிப்புக்குக் கொடுக்கும் சோடியம் வால்புரோயேட் ஈரத்தை இழுக்கும், அட்டையிலேயே இருக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் டாபிகாட்ரான் கேப்சூலும் அப்படியே. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுபவர்கள் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள்தான் அந்த மருந்து. ஏழு அறை திறந்திருக்கிறதே என்று ஏழிலும் போட்டால் உயிருக்கே ஆபத்து. டப்பா இருக்கும் இடமும் முக்கியம். அடுப்படி வேண்டாம், ஜன்னல் வெயில் வேண்டாம், குளியலறைப் பக்கம் வேண்டாம்.

பிள்ளைகள் இருக்கும் வீடா? அப்படியென்றால் உயரமான, பூட்டுகிற அலமாரி வேண்டும். இந்த மூடி பெரியவர் விரலுக்கு இலகுவாகத் திறக்கிறது, மூன்று வயதுப் பிள்ளை விரலுக்கும் அதே இலகுதான். சுகர் மாத்திரை ஒன்றே ஒன்று போதும், சின்னப் பிள்ளைக்குச் சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். ஆனித் தேரோட்டத்துக்கு அக்கா பிள்ளைகள் வந்தால் எங்கள் டப்பா பீரோவுக்குள் போய்விடும்.

ஐந்தில் எத்தனை என்றால் இரண்டுதான் கொடுப்பேன். காலைக்கு மூன்று அறையோடு, வெறும் வயிறு, சாப்பிடும் முன், சாப்பிட்ட பின் என்று தமிழில் அச்சிட்டு யாராவது செய்து தந்தால் இதன் இரு மடங்கு விலைக்கு வாங்குவேன். போன மாதம் புதன்கிழமைப் பட்டையின் மூடி கீலோடு உடைந்தது. வேறு நல்லது இருக்கிறதா என்று வண்ணாரப்பேட்டை வரை தேடிவிட்டு, கடைசியில் இதே டப்பாவைத்தான் மறுபடி வாங்கினேன். வந்த அன்றே டேப் ஒட்டியாயிற்று.